29 செக்கன் வீடியோவும் கிட்டத்தட்ட 11 வருட வழக்கும்

பாடசாலை விழா வீடியோவை யூடியூப் நீக்கிவிட்டால், கம்பனி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது தீர்ப்பே அல்ல. 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டிஎம்சிஏ சட்டப்படி, பாட்டின் உரிமையாளர் முறைப்பாடு அனுப்பியதும் தாமதமின்றி நீக்கினால் கம்பனி நஷ்டஈட்டிலிருந்து தப்பிக்கொள்ளும். பிறகு எந்தக் கம்பனி நமக்காக வாதாடும்?

2007 பெப்ரவரியில் அமெரிக்கத் தாய் ஒருவர், தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 செக்கன் வீடியோ எடுத்துப் போட்டார். பின்னணியில் பாடகர் பிரின்ஸின் பாட்டு, அதுவும் இரைச்சலோடு. யூனிவர்சல் நிறுவனம் முறைப்பாடு செய்ய, ஜூனில் யூடியூப் நீக்கியது. பயந்து ஒதுங்காமல், அதே சட்டம் தரும் எதிர் அறிவித்தலை அந்தத் தாய் அனுப்பினார். நீக்கிச் சுமார் ஆறு வாரத்தில் வீடியோ திரும்ப வந்தது.

அத்தோடு விடவில்லை. யூனிவர்சல் மீதே வழக்குப் போட்டார். நீக்கச் சொல்லுமுன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் யோசித்து, தவறாகவே நம்பியிருந்தாலும், அந்த நம்பிக்கை உண்மையானதாக இருந்தால் போதுமாம்! 2018இல் இரு தரப்பும் இணங்கி வழக்கை முடித்தார்கள். ஆடிய குழந்தைக்கு அப்போது 12 வயது.