பந்தியும் பஃபேயும்

வன்னிப் பெருநிலத்தின் திருமண மண்டபங்களில் இன்று நீண்டதொரு மேசை காணப்படுகிறது. அதன்மேல் சோறும் கறிகளும் வரிசையாக வைக்கப்பட்டிருக்க, விருந்தினர் தத்தம் தட்டுகளை ஏந்தி வேண்டியதை வேண்டிய அளவில் எடுத்துக்கொள்கின்றனர். பஃபே எனப்படும் இம்முறை எங்கிருந்து வந்தது? இது வருமுன் இந்நிலத்தில் விருந்து எவ்வாறு நடைபெற்றது?

பஃபே என்பது பிரெஞ்சுச் சொல். முதலில் அது உணவைக் குறிக்கவில்லை. வெள்ளிப் பாத்திரங்களை அடுக்கிவைக்கும் மரத்தட்டையே குறித்தது. ஐரோப்பிய அரசவைகளில் அத்தட்டின் அடுக்குகள் எத்தனை என்பது வீட்டுத் தலைவரின் தகுதியைப் பொறுத்திருந்தது. பிற்காலத்தில் நள்ளிரவு வரை நீளும் நடன விருந்துகளில் உணவு அத்தட்டின்மேல் வைக்கப்படலாயிற்று. சுவீடன் நாட்டாரும் இத்தகைய மேசை விருந்தில் பெயர்பெற்றவர். 1939இல் நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர்களுடைய விருந்து மேசை அமெரிக்கரைப் பெரிதும் கவர்ந்தது.

வன்னி மக்களிற் பலர் இச்சொல்லை விருந்திற் கேட்குமுன் புகையிரதத்திலேயே கேட்டிருப்பர். வடக்குப் பாதை 1905இல் திறக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியே சென்ற தூரப் பயண வண்டிகளில் தேநீரும் சிற்றுண்டியும் விற்கும் பெட்டிக்கு அதுவே பெயர்.

இனி, பழைய பந்தியைப் பார்ப்போம். ஓலைப் பந்தலின் கீழ்ப் பாய் விரிக்கப்படும். வாழையிலையாயின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருத்தல் வேண்டும். குளங்கள் மலிந்த நாடாகையால் தாமரையிலையும் உண்கலமாயிற்று. பெருங்கிடாரத்தில் வெந்த சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்க் குழம்பு, முடிவில் எருமைத் தயிர். பரிமாறுவோர் வீட்டாரும் சுற்றத்தாருமே. போதும் என்று கை மறித்தாலும் இன்னும் ஓர் அகப்பை விழும். அவ்வாறு விழாவிடில் விருந்தினருக்கு மனக்குறை. மூத்தோர் கைவைக்கும்வரை இளையோர் காத்திருப்பர். அடுத்தவர் உண்டு முடிக்குமுன் எழுதல் மரியாதையன்று. ‘பந்திக்கு முந்து’ என்று பழமொழி சொன்னாலும், முந்துவோர் யார் என்பதை வயிறு தீர்மானிக்கவில்லை என்பதே உண்மை.

ஏனெனில், அப்பந்திக்கு மற்றொரு முகமும் உண்டு. யார் யாருடன் அமரலாம், யார் முதற்பந்தியில், யார் கடைசியில், யார் பந்தலுக்கு வெளியே என்பனவற்றைச் சாதி வகுத்தது. உபசாரத்தின் இனிமையை வியந்து பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் எல்லாரும் ஒன்றாயிருந்து உண்ணும் சமபந்தி போசனத்தை நடத்தியது இக்காரணம் பற்றியே. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கோயில், உணவுக்கடை முதலிய பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. வீட்டுப் பந்தியோ வழக்கத்தின் கையிலேயே இருந்தது.

வன்னியில் அவ்வழக்கைத் தளர்த்திய மற்றொன்று குடியேற்றம். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் கிளிநொச்சியிலும், பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிலும் பல ஊரார் வந்து காடு வெட்டிக் கழனி செய்தனர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தோரும் இங்கு வாழ்வு தேடினர். அயலவர் யாவரும் புதியவராயிருக்கும் இடத்தில் முதற்பந்தி யாருக்கு என்று வழக்காடுவது எளிதன்று. எனினும் பழைய வேற்றுமை முற்றாக மறைந்துவிட்டது என்று கூறின் அது மிகையாகும்.

தட்டேந்தி நிற்கும் வரிசையை வன்னி மக்கள் விருந்தில் மட்டும் கண்டவரல்லர். 2009இல் போர் முடிவுற்றபோது செட்டிகுளம் மெனிக்பாம் முதலிய வவுனியா மாவட்ட முகாம்களில் 250,000 இற்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். நெல் விளைவித்துப் பிறருக்கு ஊட்டிய குடும்பங்கள் ஆங்கே சமைத்த சோற்றுக்காக வெயிலில் நிரையாக நின்றன. அந்நிரையில் நின்ற முதியவர் ஒருவர் திருமண மண்டபத்திலும் தட்டோடு நிற்கத் தயங்குவாராயின், அதனை நாகரிகம் அறியாமை என்று நகைத்தல் தகுமோ?

மீள்குடியேற்றத்தின் பின் மண்டபங்கள் பெருகின. பரிமாறுவதற்குரிய உறவினர் பலர் மாண்டனர். பலர் கடல்கடந்து சென்றனர். அகப்பை பிடிக்க ஆளில்லாத வீட்டுக்குப் பஃபே ஆடம்பரமன்று, தேவை. மேசையருகே பழைய முதற்பந்தி கடைசிப்பந்தி இல்லை. எவர் எடுத்த கரண்டியையும் அடுத்தவர் எடுக்கிறார். முதியோரை நாற்காலியில் அமர்த்தி, பேரப்பிள்ளைகள் தட்டில் உணவிட்டுக் கொண்டுசென்று கொடுப்பதையும் அங்கே காணலாம். வைகாசி விசாகத்துப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் அடியார் திரளும்போது, அன்னதானத்துக்கு மக்கள் இன்னும் நிலத்திலேயே வரிசையாக அமர்கின்றனர்; பக்கத்தில் இருப்பவர் இன்னார் என்று கேட்காமலே சோறு இடப்படுகிறது.