உப்புப் பரல்களைக் கண்டவர்: மார்பக ஊடுகதிர்ப் படத்தின் வரலாறு

இலக்கியமும் கல்வெட்டும் பேசிவரும் நாம் மருத்துவக் கருவி ஒன்றின் வரலாற்றைப் பேசப் புகுவது வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். காரணம் எளியது. நம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவரின் தங்கை கதிர்ப்படத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். பாடக் குறிப்புகளைத் தமிழில் விளங்கிக்கொள்ள உதவி நாடி நம் இல்லத்துக்கு வந்தார். மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படத்தைப் பற்றிய பாடத்தில், 'மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே நன்கு அழுத்த வேண்டும்' என்றொரு வரி இருந்தது. "வலிக்குமே ஐயா, எதற்காக அழுத்த வேண்டும்?" என்று அவர் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்தது வெறும் விடை மட்டுமன்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நீளும் ஒரு வரலாறு.

நிழலின் சிக்கல்

1895 நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் எடுத்த, தம் மனைவியின் கையைக் காட்டும் படம் உலகறிந்தது. எலும்பும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரியும். தசையோ மங்கல் நிழலாக நிற்கும். எலும்பில் கால்சியம் மிகுதியாதலால் அது கதிரைத் தடுக்கிறது. மென்மையான திசுக்கள் பெரும்பாலும் கதிரைக் கடந்து போகவிடுகின்றன.

மார்பகத்தில் எலும்பு இல்லை. கொழுப்பும் பால் சுரப்பிகளும் இணைப்புத் திசுவுமே உள்ளன. புற்றுக் கட்டியும் சுரப்பித் திசுவும் கதிரைத் தடுக்கும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. வெண்மேகத்தினுள் வெண்கொக்கைத் தேடுவது போன்ற பணி இது. இந்த ஒற்றைச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சியே மார்பகப் படத்தின் வரலாறு எனலாம்.

பெர்லின், 1913

முதலில் இத்துறையில் இறங்கியவர் ஆல்பர்ட் சாலமன் என்னும் அறுவை மருத்துவர். பெர்லினில் பணியாற்றிய இவர், அறுவையின்போது அகற்றப்பட்ட மார்பகங்களில் ஏறத்தாழ 3000 மாதிரிகளை ஆராய்ந்தார். ஊடுகதிர்ப் படம் ஒருபுறம், வெட்டியெடுத்த திசு மறுபுறம் என ஒப்பிட்டு நோக்கினார். புற்று எவ்வாறு பரவுகிறது, எத்தனை வடிவங்களில் தோன்றுகிறது என்பதை 1913இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் எடுத்த படங்களில் நுண்ணிய புள்ளிகளும் தென்பட்டன. அவை கால்சியத் துகள்கள் என்பதையும், புற்றின் தொடக்கநிலை அடையாளமாக அமையக்கூடும் என்பதையும் அன்று அவர் உணரவில்லை. கண்ணில் பட்டது கருத்தில் படவில்லை. அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அவரும் படை மருத்துவராகச் சென்றார். அவர் தொடங்கிய பணி அவர் கையால் தொடரவில்லை.

அழுத்தத்தின் பிறப்பு

1930இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஸ்டாஃபோர்டு வாரன், உயிருள்ள பெண்களின் மார்பகங்களைப் படமெடுத்து, அறுவையில் கண்ட முடிவுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார். முயற்சி சிறந்ததே. ஆயினும் ஒருவர் எடுத்த தரத்தில் மற்றொருவரால் எடுக்க இயலவில்லை, ஆர்வம் தணிந்தது.

அதனை மீட்டவர் தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரைச் சேர்ந்த ரவுல் லெபோர்ன். 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் இவர் செய்த பணிக்கு இரு கூறுகள் உண்டு. முதலாவது, சாலமன் கடந்துபோன அந்த நுண்புள்ளிகளுக்குப் பொருள் கண்டது. புற்றுடைய மார்பகங்களில் பலவற்றில் உப்புப் பரல்களைத் தூவினாற்போன்ற கால்சியத் துகள்கள் இருப்பதை எடுத்துரைத்தார். கையால் தடவி அறிய முடியாத கட்டியையும் இப்பரல்கள் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, மார்பகத்தை அழுத்திப் படமெடுக்கும் முறையை வலியுறுத்தியது.

மாணவியின் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. அழுத்தும்போது தடிமன் குறைகிறது. ஆகவே குறைந்த கதிரளவு போதும். சிதறும் கதிர் குறைவதால் படத்தின் வேறுபாடு கூடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் பரவி விலகுகின்றன, மறைந்திருப்பது வெளிப்படுகிறது. மார்பகம் அசையாதிருப்பதால் உப்புப் பரல் போன்ற நுண்துகள்கள் கலங்காமல் பதிகின்றன. சில நொடி வலியை அப்பெண் பொறுப்பது இத்தனைக்காகத்தான். அழுத்தத் தயங்கி எடுத்த மங்கற்படம், அவரை மீண்டும் கதிர்முன் நிறுத்தும். அல்லது நோயை மறைத்துவிடும்.

ஹூஸ்டனும் ஸ்ட்ராஸ்பூரும்

எவர் எடுத்தாலும் ஒரே தரம் வாய்க்க வேண்டும் என்னும் குறையைத் தீர்த்தவர் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஈகன். மின்னழுத்தத்தைக் குறைத்து, மின்னோட்டத்தை மிகுத்து, தொழிற்சாலைகளில் பயன்பட்ட நுண்மையான பிலிமில் படமெடுக்கும் முறையை வகுத்தார். 1000 ஆய்வுகளின் முடிவை 1960இல் வெளியிட்டார். அவரிடம் கற்றுச் சென்றவர்கள் தத்தம் ஊரில் அதே தரத்தில் படமெடுத்தனர்.

அதுவரை பொதுவான ஊடுகதிர்க் கருவியே பயன்பட்டது. 1960களின் நடுவில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரைச் சேர்ந்த சார்ல் குரோ, மார்பகத்துக்கென்றே ஒரு கருவி உருவாக வழிகோலினார். செனோகிராஃப் என்பது அதன் பெயர். டங்ஸ்டனுக்கு மாற்றாக மாலிப்டினம் என்னும் உலோகத்தை அதன் கதிர்க்குழாயில் இலக்காக வைத்தனர். மாலிப்டினம் 17.5, 19.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய சிறப்புக் கதிர்களை வெளியிடும். கொழுப்பையும் சுரப்பியையும் புற்றையும் பிரித்துக் காட்ட ஏற்ற, மென்மையான கதிர்கள் இவை. கருவியிலேயே அழுத்தும் அமைப்பும் பொருந்தியிருந்தது.

1970களில் செலீனியத் தகட்டில் பதித்து நீலநிறத் தாள்படமாகப் பெறும் முறையொன்று சிலகாலம் செல்வாக்குற்றது. கதிரளவு மிகுதியாக வேண்டியிருந்தமையின் பின்னர் அது மறைந்தது. ஒளிர்திரையோடு இணைந்த பிலிம் அதன் இடத்தைப் பிடித்தது. 2000இல் எண்ம முறைக் கருவிக்கு அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் கிடைத்தது. 2011இல் பல கோணங்களில் எடுத்து அடுக்கடுக்காகக் காட்டும் டோமோசிந்தசிஸ் முறைக்கும் அங்கே ஒப்புதல் தரப்பட்டது. இன்றைய எண்மக் கருவிகள் பலவற்றில் டங்ஸ்டன் இலக்கே, ரோடியம் அல்லது வெள்ளி வடிகட்டியுடன், மீண்டும் இடம்பெற்றுள்ளது.

கருவி மாறினும் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரு படங்கள்: மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக ஒன்று. சாய்வுப் படத்தில் மார்புத் தசை முலைக்காம்பின் மட்டம்வரை தெரிந்தால்தான் உட்பகுதி விடுபடவில்லை எனலாம். அக்குளில் பவுடர் பூசி வந்தால் அதுவும் கால்சியத் துகள்போல் தோன்றி ஏமாற்றும். ஆதலால் துடைத்துவிடச் சொல்வர்.

பயன் உண்டா?

படம் எடுப்பது வேறு, உயிர் காப்பது வேறு. நியூயார்க்கில் 1963இல் ஃபிலிப் ஸ்ட்ராக்ஸ் முதலியோர் தொடங்கிய ஆய்வு இதனை அளந்தது. 40 முதல் 64 வயதுவரை உள்ள ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். மருத்துவரின் கைப்பரிசோதனையும் ஊடுகதிர்ப் படமும் பெற அழைக்கப்பட்ட பிரிவில், மார்பகப் புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. மார்பகப் புற்றுக்குத் தம் மனைவியைப் பறிகொடுத்தவர் ஸ்ட்ராக்ஸ். சுவீடனில் 1977இல் தொடங்கி 1985இல் முடிவு வெளியான இரு மாவட்ட ஆய்வும் இதையொத்த பயனையே காட்டியது.

ஆயினும் வாதம் ஓயவில்லை. வாழ்நாளில் தீங்கு செய்யாத கட்டியையும் கண்டு அறுவை செய்ய நேரும் என்னும் கவலை நியாயமானதே. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, வழக்கமான பரிசோதனையை 50 வயதில் தொடங்கலாம் என்று 2009இல் பரிந்துரைத்தது. 2024இல் அதை 40 வயதாக மாற்றி, ஈராண்டுக்கு ஒருமுறை என்றது. பயனையும் தீங்கையும் சேர்த்து எடைபோட்டே இம்முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

மீண்டும் சாலமன்

முதல்வர் என்னவானார் என்று அறியாமல் இவ்வரலாற்றை முடிக்க நமக்கு மனம் வரவில்லை. சாலமன் ஒரு யூதர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1938 நவம்பர் வன்முறையை அடுத்துச் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைக்கப்பட்டார். விடுபட்டதும் 1939இல் ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பினார். தெற்குப் பிரான்சுக்கு அனுப்பிவைத்த மகள் சார்லட் அங்கே தம் வாழ்வையே நூற்றுக்கணக்கான ஓவியங்களாகத் தீட்டினார். 1943 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். வயது 26.

தந்தையும் சிற்றன்னையும் ஒளிந்து வாழ்ந்து பிழைத்தனர். போருக்குப்பின் மகளின் ஓவியங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1971இல் அவற்றை ஆம்ஸ்டர்டாம் யூத வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். சாலமன் 1976இல் மறைந்தார். தாம் பொருளறியாது கடந்த புள்ளிகளைத் தேடி உலகெங்கும் படங்கள் எடுக்கப்படும் காலம்வரை அவர் வாழ்ந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் மாணவியிடம் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், குறிப்பேட்டில் அழுத்தத்தைப் பற்றிய வரிக்கு அருகே ஒன்றை எழுதிக்கொண்டார்: 'அழுத்துமுன் ஏன் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்.' பாடநூலில் இல்லாத அவ்வரி நமக்கு நிறைவளித்தது.