மாற்றத்தக்க விசைகள்

கரமனையாற்றின் கரையில், நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய பாதையை அடுத்து, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மொழிவழியே திருத்தப்பட்டபோது, தெற்கேயுள்ள தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கரமனை கேரளத்தில் நின்றது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று உரிமை அளித்தது. உரிமையைச் சட்டம் தந்தது; ஆனால் எழுதுவதற்குக் கருவி வேண்டுமே! அக்கருவியின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியையே இங்கே காணப் புகுகிறோம்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எப்படி? சிங்கப்பூரில் பணியாற்றிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா இவ்வினாவுக்கு விடை கண்டார். சில விசைகளை அழுத்தினால் குறி பதியும். தாள் தாங்கி நகராது. புள்ளியை முதலில் அடித்து, அடுத்து ‘க’ என்னும் எழுத்தை அடித்தால், அதே இடத்தில் ‘க்’ உருவாகிவிடும். இத்தகைய நகரா விசைகளைக் கொண்ட பொறியை அவர் ஜெர்மனியில் செய்வித்தார். தாயகத்துக்கு வெளியே வாழ்ந்த ஒருவரே தமிழுக்கு இப்பணியைச் செய்தார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

அப்பொறிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பழைய பொறிகள் பலவற்றில் விசையின் தலை ஓர் உலோக வளையமும், கண்ணாடியும், அதன் கீழ் எழுத்து அச்சிட்ட காகிதமும் ஆகும். வளையத்தைக் கழற்றிக் காகிதத்தை மாற்றினால் விசை புதிய பெயர் பெறும். தாளில் பதியும் எஃகு எழுத்தோ, ஒரு கம்பியின் நுனியில் பற்றவைக்கப்பட்டது. தேய்ந்தால் சூடுகாட்டி எடுத்து வேறொன்றைப் பொருத்தலாம். நான் தட்டச்சுப் பயின்ற நாளில், பழுதுபார்ப்பவர் சிறிய பெட்டியுடன் வந்து, அரைமணி நேரத்தில் ஓரெழுத்தைச் செப்பனிட்டுச் சென்றதைக் கண்டிருக்கிறேன்.

எனினும் விசைகளின் எண்ணிக்கை குறைவு என்னும் தடை நீங்கவில்லை. பொறி வளையாதபோது மொழி வளைந்தது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிதாகும் பொருட்டு 1971-இல் கேரள அரசு மலையாளக் கூட்டெழுத்துகள் பலவற்றைப் பிரித்து எழுதும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழிலும் 1978-இல் ணா, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் கைவிடப்பட்டன.

பின்னர்க் கணினி வந்தது. எழுத்து விசையிலிருந்து விடுதலை பெற்றது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ அமைப்பில், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஓர் ஆய்தமும் முப்பத்தொரு விசைகளில் அமைந்தன. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் வகுக்கப்பட்டன. மொழி இனி வளைய வேண்டியதில்லை. ஆனால், எழுத்து விடுதலை பெற்ற அந்நாளிலேயே விசை சிறைப்பட்டது!

மடிக்கணினியின் விசையைப் பாருங்கள். கத்தரிக்கோல் போல் குறுக்கிட்ட இரு நெகிழித் துண்டுகள். நடுவே ஒரு ரப்பர்க் குமிழ். கீழே உலோகத் தகடு. மெலிவை வேண்டி, பல கணினிகளில் விசைப்பலகை முழுவதையும் உருக்கிய நெகிழி முளைகளால் மேலுறையோடு பிணைத்துவிடுகின்றனர். சென்ற ஆண்டு என் கணினியில் ‘க’ விசையின் கொக்கி ஒடிந்தது. கடைக்காரர், மேலுறை முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். ஓரெழுத்துக்காக ஒரு வீட்டின் கூரையையே பிரிப்பதா?

இத்துயர் எனக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் கொணர்ந்த மெல்லிய விசையமைப்பு தூசியால் முடங்குகிறது என்று பலர் வழக்குத் தொடுத்தனர். 2022-இல் 5 கோடி டாலர் தர அந்நிறுவனம் இசைந்தது.

இதற்கு மாற்று உண்டு. மேசைக் கணினிக்கான விசைப்பலகைகள் சிலவற்றில் ஒவ்வொரு விசையையும் இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். மடிக்கணினியிலோ உயரமே தடை. 2021-இல் செர்ரி நிறுவனம் 3.5 மில்லிமீட்டர் உயரமே உள்ள விசையைச் செய்தது. ஆயினும் அது பலகையில் பற்றவைக்கப்படுவது. 2024-இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் 16 என்னும் கணினியில், கருவி எதுவுமின்றி விசைப்பலகையை முழுமையாக எடுத்து வேறொன்றை வைக்கலாம். எந்த விசை எதைக் குறிக்கும் என்பதையும் உரியவரே மாற்றிக்கொள்ளலாம். தனி விசையை மாற்றும் நிலை மடிக்கணினியில் இன்னும் பரவவில்லை. பன்முறை கழற்றினும் தளராத தொடுமுனை, தூசி புகா அமைப்பு, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஓர் அளவு ஆகிய மூன்றும் கைகூட வேண்டும்.

அன்பர்களே, கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ கரமனையிலோ கடைக்குச் சென்று, தமிழ் எழுத்துப் பொறித்த மடிக்கணினி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நம் சிலருக்காக எந்த ஆலையும் தனியே வார்க்காது. நாமும் ஆங்கில விசைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி வாழ்கிறோம். விசை கழலுமாயின், முப்பத்தொரு தலைகளை மட்டும் நாமே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். நடுவணரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. அவ்வுரிமையைப் பலரும் பணம் மிச்சமாகும் வழியாகவே கருதுகின்றனர். சிறுபான்மையாய் வாழ்வோருக்கு அது மொழியுரிமையுமாகும்.