ஆயுதம் துறந்த பின்னர்

போர் முடிந்த நாளை வரலாற்று நூல்கள் எளிதில் குறித்துவிடுகின்றன. அல்ஜீரியாவுக்கு அந்நாள் 1962 ஜூலை 5. 132 ஆண்டுக்கால பிரெஞ்சு ஆட்சி அன்று அகன்றது. ஆனால், போர்க்களம் கண்டவரின் உள்ளத்தில் போர் எந்நாளில் முடிகிறது? அவர் ஒரு பெண்ணாக இருந்தால், அந்நாள் இன்னும் எத்தனை தொலைவில் இருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடையாக ஒரு பெண்மணியின் வாழ்க்கை நம் முன் நிற்கிறது.

1954 நவம்பரில் தொடங்கிய விடுதலைப் போரில் பங்குகொண்டு, பின்னர் போராளிகளாகப் பதிவு பெற்ற பெண்கள் ஏறத்தாழ 11,000 பேர். மலைகளில் காயமுற்றோருக்கு மருந்திட்டவர்கள், நகரங்களில் செய்தியும் ஆயுதமும் கொண்டு சென்றவர்கள், தேடப்பட்டோருக்குத் தம் இல்லங்களில் அடைக்கலமும் உணவும் தந்தவர்கள் எனப் பல திறத்தினர் அவர்கள். 'முஜாஹிதாத்' என்று மக்கள் அவர்களைக் கண்ணியத்தோடு அழைத்தனர்.

அவர்களுள் ஒருவர் லூயிசெத் இகிலாஹ்ரிஸ். 1957 செப்டம்பரில் அவர் இருந்த போராளிக் குழு பிரெஞ்சுப் படையினரிடம் சிக்கியது. உடலெங்கும் குண்டுக் காயங்களுடன் அவர் பிடிபட்டபோது வயது 21. அல்ஜியர்ஸ் நகரில் பாராசூட் படைப்பிரிவின் தலைமையகத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் சித்திரவதைக்கு உள்ளானார். எழவும் இயலாத நிலையில் கிடந்த அவரிடம் ஒரு மாலை ராணுவ மருத்துவர் ஒருவர் வந்தார். அவர் நிலை கண்டு இரங்கி, அங்கிருந்து மருத்துவமனைக்கு அகற்றினார். அவ்விரக்கமே அவர் உயிரைக் காத்தது.

நாடு விடுதலை பெற்றது. லூயிசெத் இல்லறம் ஏற்றார், பிள்ளைகளை வளர்த்தார். ஆனால், அடைபட்ட அறையில் தமக்கு நேர்ந்ததை மட்டும் உலகறியச் சொல்லவில்லை. பெண்ணின் மானத்தோடு குடும்பத்தின் கௌரவத்தையும் பிணைத்துப் பார்க்கும் சமூகத்தில், அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அவளுக்கே களங்கமாகிவிடுகிறதன்றோ! கொடுமை செய்தவன் தலைநிமிர்ந்து நடக்க, அதனைத் தாங்கியவள் வாய்மூடி வாழ்கிறாள்.

இக்காயங்களின் தன்மையை அக்காலத்திலேயே உணர்ந்தவர் மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன். பிளிடா நகர மருத்துவமனையில் 1953 முதல் பணியாற்றிய அவர், வதைக்கப்பட்டோருக்கும் வதைத்தோருக்கும் சிகிச்சை அளித்தார். போர் விளைவித்த உளநோய்கள் குறித்து 1961-இல் வெளியான தம் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் அவர் மறைந்தார். விடுதலையின்போது ஐரோப்பிய மருத்துவர்களுள் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறினர். களத்திலிருந்தும் சிறையிலிருந்தும் மீண்ட பெண்களுள் பலருக்கு இல்லத்தின் நான்கு சுவர்களே மருத்துவமனையாயின.

மருந்தில்லாத அந்நோய்க்குச் செவிசாய்ப்பதே ஓரளவு மருந்தாக அமைந்தது. தாமும் இளவயதில் அப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்ற ஜமீலா அம்ரான், பின்னர் வரலாற்றாசிரியரானார். தோழியரைத் தேடிச் சென்று அவர்தம் அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார். 1991-இல் அவை நூலாயின. அவர்கள் பட்டதைத் தாமும் பட்டவர் கேட்டார் என்பதே அந்நூலின் தனிச் சிறப்பு.

லூயிசெத்தின் மௌனம் கலைந்தது 2000 ஜூன் 20 அன்று. பிரான்சின் 'லெ மோந்த்' நாளேட்டில் அவர் வரலாறு வெளியாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்த மௌனத்தைக் கலைத்து அவர் விரும்பியது என்ன? பழிவாங்கலன்று, தம்மைக் காத்த அம்மருத்துவரைக் கண்டு நன்றி கூறுவதையே பெரிதும் விரும்பினார். அவரோ அதற்குள் காலமாகிவிட்டார். அன்றைய தளபதி மஸ்ஸூ, சித்திரவதை நடந்ததற்காக வருந்துவதாகக் கூறினார். மற்றொரு தளபதி பிழார் முற்றாக மறுத்தார். எனினும், பிரெஞ்சு மக்களிடையே நெடுங்காலம் மூடிக்கிடந்த விவாதம் அவ்வொரு பெண்ணின் சொல்லால் திறந்தது.

போரிலிருந்து திரும்பும் மகளுக்குப் பதக்கம் அணிவிக்க நாடு இருக்கிறது. "உனக்கு நேர்ந்தது உன் குற்றமன்று" என்று சொல்ல வேண்டியது வீடு. "நடந்ததை மறந்துவிடு" என்னும் சொல் ஆறுதல் போலத் தோன்றலாம். ஆனால் அது கதவை வெளியிலிருந்து தாழிடும் சொல். உம்மாவும் வாப்பாவும் உடன்பிறந்தாரும் அருகிருந்து கேட்டிருப்பின், நாற்பதாண்டு மௌனங்கள் எத்தனை முன்னரே கலைந்திருக்கும்! போரைக் கண்டிராத நம் இல்லங்களிலும் சொல்லப்படாத துயரங்கள் இல்லாமலில்லை. அவற்றுக்குச் செவிகொடுப்பது நம் கையில் இருக்கிறது.