கரிசலில் கடைக்கால்

மலருக்கு "ஏதாவது பழைய கதை எழுதுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டதால், நான் படித்த சிவில் பாடத்தை ஒட்டி மண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். 1968-ல் வாத்தியாராக இருந்த என் தந்தையார் சேமநிதிப் பணத்தில் வீடு கட்டினார். "நாலடி வானம் தோண்டிக் கல்லைப் போட்டா யானையையே கட்டலாம் அண்ணாச்சி" என்றார் கொத்தனார். மூன்றாவது கோடையில் தலைவாசல் நிலைக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஐப்பசி மழையில் அது மூடிக்கொள்ளும். பங்குனியில் மறுபடி வாயைத் திறக்கும். பாவம், கொத்தனார் செம்மண் பூமியில் தொழில் பழகியவர். அங்கே அந்த நாலடி சரிதான்! கரிசலில் உள்ள மாண்ட்மோரிலோனைட் களிமண்ணோ தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கல்லும் சுவரும் கூடவே ஏறி இறங்க வேண்டியதுதான்.

இடத்துக்குத் தக்க கடைக்கால் என்பது நமக்குப் புதிதல்ல. கல்லணை கட்டியவர்கள் அடி காணாத ஆற்று மணலில் கற்களைப் போட்டு, அவை தாமாக இறங்கி நின்ற பிறகு மேலே அடுக்கினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இவர்களிடமே கற்றதாக, 1836-ல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். தாஜ்மகாலின் ஆற்றோரப் பகுதி நிற்பது கிணற்று உறைபோல் இறக்கிய அஸ்திவாரத்தின் மேல். எல்லாம் அனுபவக் கணக்கு. டெர்சாகி 1925-ல் தமது நூலை வெளியிட்ட பிறகுதான் மண்ணியக்கவியல் தனி சாஸ்திரமாயிற்று. நம்மில் பாதிப் பேரை அரியர் வைக்கச் செய்த பேப்பர் அதுதான்.

கரிசலுக்கு மருந்து ரூர்க்கியிலிருந்து வந்தது. அங்குள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் தினேஷ் மோகன் முதலானோர் முயற்சியால் அண்டர் ரீம்டு பைலை உருவாக்கியது. கையால் சுற்றும் ஆகரால் சுமார் மூன்றரை மீட்டர் துளையிட்டு, அடியில் துளையைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். மழையும் வெயிலும் அந்த ஆழத்து மண்ணை அதிகம் அசைக்காது. அடிக்குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். 1973-ல் இதற்கு இந்தியத் தர விதியும் வந்தது.

1984-ல் அதே தெருவில் நான் வீடு கட்டியபோது இதைத்தான் போட்டேன். பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட வேண்டும். மண் உப்பினால் முட்டக் கூடாதல்லவா? அதைக் குனிந்து பார்த்த அப்பா, "ஏலே, வீட்டைத் தரையில வைக்காம அந்தரத்துலயா வைக்கே?" என்றார். ஊரே சிரித்தது. எனக்கும் முதல் இரண்டு கோடை சரியாகத் தூக்கமில்லை. விரிசல் விழவில்லை.

ஆனாலும் அப்பா கடைசி வரை புது வீட்டுக்கு வரவில்லை. பங்குனி பிறந்தால் சுண்ணாம்புச் சட்டியும் கரண்டியுமாகத் தலைவாசலில் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது சிவில் படித்த நான்தான்.