மானியமும் மகமையும்



நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் அண்மையில் ஒரு வினா எழுகின்றது. நம்மவர் பொருளால் எழுந்த பள்ளிகளில் நம்மவர் பிள்ளைகட்கே முதலிடம் வேண்டாவோ, அரசினர் அதனைத் தடுப்பது எங்ஙனம் முறையாகும் என்பதே அது. இவ்வினாவில் வெகுளி மிகுந்தும் வரலாறு குறைந்தும் காணப்படுதலின், அத்தகைய பள்ளிகள் எவரெவர் பொருளால் நின்றன என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தனியார் நடாத்தும் பள்ளிகட்குப் பொதுப்பணம் ஈயும் முறை, இந்நாடு முழுமைக்கும் உரிய கொள்கையாக வகுக்கப்பட்டது 1854ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் எழுதப்பெற்ற கல்விச் சாசனத்தாலாகும். சர் சார்லஸ் உட் என்பார் பெயரால் அது வழங்குகின்றது. நாடெங்கும் தாமே பள்ளி வைத்து நடாத்தல் துரைத்தனத்தார்க்கு இயலாததாயிற்று. ஆதலின், இங்கிலாந்தில் முன்னரே நடைபெற்று வந்த உதவி மானிய முறையை ஈண்டும் கைக்கொண்டனர். உலகியற் கல்வி செவ்விதாக நடத்தல் வேண்டும். பொறுப்பேற்கும் நிருவாகிகள் உள்ளூரில் இருத்தல் வேண்டும். இன்ஸ்பெக்டரின் பார்வைக்கு உட்படுதல் வேண்டும். பள்ளியில் என்ன மதம் போதிக்கப்படுகின்றது என்பதனைத் துரைத்தனத்தார் வினவார். இவையே மானியத்தின் நிபந்தனைகள். இவற்றோடு, சிறிதேனும் சம்பளம் பிள்ளைகளிடம் வாங்குதல் வேண்டும் என்றும் விதித்தனர். முற்றும் இலவசமாகக் கிடைக்கும் கல்வியை மக்கள் மதியார் என்பது அவர் கூறிய காரணம். நெல்லும் காய்கறியும் கொடுத்துத் திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பேணிய நம் முன்னோர்க்கு இவ்வறிவுரை தேவைப்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

மானியம் தானே ஓடி வருவதன்று. முதலில் ஒருவர் கட்டிடம் எழுப்பி, உபாத்தியாயரை அமர்த்திக் கணக்கும் எழுதிக் காட்டிய பின்னரே மீதச் செலவில் ஒரு பங்கு வரும். கணக்கும் அமைப்பும் கைவந்தவர் அந்நாளில் கிறிஸ்தவ மிஷன் சபையாரே. ஆதலின் சென்னை இராஜதானியில் மானியத்தின் பெரும்பங்கு அவர்பாற் சென்றது. அது சூழ்ச்சி என்பாரும் உளர். விண்ணப்பம் எழுதியவர்க்கு விடை வந்தது என்பதே என் துணிபு. 1882இல் ஹண்டர் என்பார் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், இந்நாட்டார் தாமே நடாத்தும் பள்ளிகட்கு ஊக்கம் மிகுதியாக அளித்தல் வேண்டுமென்று பரிந்துரைத்தது.

இடையே தேர்ச்சி மானியம் என்றொரு முறையும் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றில் தேறிய பிள்ளை ஒவ்வொன்றிற்கும் இவ்வளவு என்று பணம் கணக்கிடப்படும். பிள்ளை அன்று காய்ச்சலாற் கிடப்பின் உபாத்தியாயர் பாடு பட்டினியே. திண்ணைப் பள்ளிகள் பல அரசாங்கக் கணக்கில் ஏறியது இம்முறையாலேயே எனினும், பரீட்சைக்கு வேண்டிய பாடமே பாடம் என்னும் நோயும் அதனாலேயே புகுந்தது. அந்நோய் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி, சமூகத்தார் பள்ளிகளைக் காண்போம். விருதுநகர் நாடார் பெருமக்கள் வாணிகச் சரக்கின்மேல் மகமை வைத்தும், வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் க்ஷத்திரிய வித்தியாசாலையைப் பேணிய செய்தி யாவரும் அறிந்ததே. பின்னாளில் முதலமைச்சராய் விளங்கிய காமராசர் அங்குப் பயின்றவர். பிடியரிசி என்பது செல்வர் கொடை அன்று. உலையில் இடும் அரிசியினின்று ஓர் இல்லாள் எடுத்து வைத்த பங்கு. ஆயின், எடுத்து வைக்க அரிசியே இல்லாதார் யாது செய்வர்? முதலில் கொடுப்பவர்க்கே கொடுக்கும் முறையின் பெருங்குறை ஈதே. 1893இல் சென்னைத் துரைத்தனத்தார், அந்நாளில் பஞ்சமர் எனப்பட்டார் தம் பள்ளிகட்குத் தனிச் சலுகைகள் வகுத்தமை அக்குறையை ஒருவாறு ஒப்புக்கொண்டதாகும்.

வாசல் எவர்க்குத் திறப்பது என்பதே கடினமான வினா. 1856இல் பம்பாய் இராஜதானியைச் சார்ந்த தார்வாரில் மகார் குலத்து மாணாக்கன் ஒருவன் அரசாங்கப் பள்ளியிற் சேர விரும்பி மறுக்கப்பட்டான். அவன் விண்ணப்பம் துரைத்தனத்தார் வரை சென்றும் பயன்படவில்லை. 1858இல் பம்பாய்த் துரைத்தனத்தார் தம் நிலையை வெளியிட்டனர். முழுச் செலவும் தம்முடையதாகிய பள்ளிகள் யாவர்க்கும் திறந்திருக்கும். செலவிற் பங்கு கொடுப்போர் தடுக்கும் பள்ளிகளில் தாம் வலிந்து பிள்ளைகளைப் புகுத்த நினையார். ஆயினும் சாதி பற்றி வாசலடைக்கும் பள்ளிக்கு உதவியை மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்றனர். உரிமை உண்டு என்றனரேயன்றி, மறுத்தே தீர்வோம் என்றாரில்லை. அவ்வுரிமை கடமையாக மாறப் பல்லாண்டு சென்றது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 29ஆம் பிரிவு, அரசுப் பணத்தினின்று உதவி பெறும் எக்கல்வி நிலையத்தும், சமயம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எக்குடிமகனுக்கும் இடம் மறுத்தலாகாது என்று விதித்தது.

ஆகவே, மானியப் பள்ளியின் சுவர் நம்மதாயினும், உள்ளே நின்று கற்பிப்பவர்க்குச் சம்பளம் ஊரார் யாவரும் செலுத்தும் வரியினின்று வருகின்றது. நம்மவரல்லாதாரும் வரி செலுத்துகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழ்நாட்டில் 1991-92ஆம் கல்வியாண்டிற்குப் பின் தோன்றிய தனியார் பள்ளிகட்கு மானியமில்லை என்றாயிற்று. அதன் பின்னர்ச் சங்கத்தார் பலர், பழைய தமிழ்வழி மானியப் பள்ளியின் அருகிலேயே ஆங்கிலவழிக் கட்டணப் பள்ளியும் எழுப்பலாயினர். புதிய சுண்ணாம்பு அதற்கு. ஒழுகும் கூரை இதற்கு. நம்மவருள் ஏழையின் பிள்ளை ஒழுகும் கூரையின் கீழ்த்தான் இருக்கின்றது.

முதலிடம் கோரும் தீர்மானம் பொதுக்கூட்டத்தின் முன் வருமாயின், அது மானியப் பள்ளியைக் குறித்ததோ கட்டணப் பள்ளியைக் குறித்ததோ என்று முதற்கண் பிரித்தெழுதல் வேண்டும். மானியப் பள்ளியைக் குறித்ததாயின் சட்டத்தின் முன் அது நில்லாது. கட்டணப் பள்ளியைக் குறித்ததாயின், நம்மவருள் வறியவர்க்கு அக்கட்டணத்தை எந்த மகமையினின்று செலுத்துவது என்பதனையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிடுமாறு சங்க நிருவாகிகளை வேண்டுகின்றேன்.