அடைப்பு நீங்கிய பின் எத்தனை ஆண்டு?

1977 செப்டம்பர் 16 அன்று, சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில், 38 வயது மருத்துவர் ஒருவர் 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் சிறு பலூன் பொருத்திய குழாயைச் செலுத்தி, அதை விரித்து அடைப்பை அகற்றினார். மருத்துவர் ஜெர்மனியில் பிறந்த ஆந்திரேயாஸ் குருன்சிக். தம் வீட்டுச் சமையலறை மேசையில் இத்தகைய பலூன்களைச் செய்து பார்த்தவர் அவர். நோயாளிக்கு இருந்தது நெஞ்சுவலியே, மாரடைப்பு அன்று. எனினும் இன்று மாரடைப்புக்குச் செய்யப்படும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அந்நாளே தொடக்கம்.

குழல் திறந்தாயிற்று என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னவுடன் உறவினர் கேட்கும் அடுத்த கேள்வி, "இனி எத்தனை ஆண்டு இருப்பார்?" என்பதே. நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நம்மிடமும் அக்கேள்வி வருவதுண்டு. அதற்கு விடை தேடும் முயற்சியோ பலூனுக்கும் முந்தியது.

நியூயார்க்கில் கில்லிப், கிம்பல் என்னும் இரு மருத்துவர்கள் மாரடைப்பு நோயாளிகள் 250 பேரை ஆராய்ந்து 1967 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் நம்பியது ஸ்டெதஸ்கோப்பையும் தம் கண்களையுமே. நுரையீரலில் நீர்க்கோப்பின் ஒலி கேட்கிறதா? நோயாளி மூச்சுக்குத் திணறுகிறாரா? இரத்த அழுத்தம் வீழ்ந்து கைகால் குளிர்ந்துவிட்டனவா? இவற்றைக் கொண்டு நோயாளிகளை நான்கு படிகளாகப் பிரித்தனர். முதற்படியில் நூற்றுக்கு 6 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். இரண்டாவதில் 17, மூன்றாவதில் 38, நான்காவதில் 81. இத்துணை எளிய கருவியால் இத்துணைத் தெளிவு கிடைத்தது வியப்புக்குரியதே.

பின்னர் காலம் மாறியது. 1980களில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹார்ட்ஸ்லர் என்பவர் மாரடைப்பு நிகழும்போதே பலூனைப் பயன்படுத்தலானார். 1986 இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் காட்டிலும் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டியால் நன்மை மிகுதி என்பதை 1993 இல் வெளிவந்த ஆய்வுகள் உணர்த்தின. இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 2003 இல் அமைந்த கிரேஸ் மதிப்பெண் முறையைப் பாருங்கள். வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றோடு கில்லிப்பின் பழைய படிகளும் அதில் இடம்பெற்றுள்ளன! நான்காம் படியில் இருப்போரில் நூற்றுக்கு 40 முதல் 50 பேர், குழல் திறக்கப்பட்ட பின்னும், இன்றளவும் பிழைப்பதில்லை.

காரணம் விளங்காததன்று. தமனி திறப்பது வழியைச் சீர்செய்வது மட்டுமே. அதற்குள் இறந்துபோன தசை மீள்வதில்லை. ஆகவே நீண்டகால வாழ்வைக் கணிப்போர், திறந்த குழலைவிட எஞ்சிய தசையின் ஆற்றலையே, அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தத்தின் விகிதத்தையே, கூர்ந்து நோக்குகின்றனர். வலி தொடங்கியதிலிருந்து குழல் திறக்கும்வரை கழிந்த நேரம், நீரிழிவு, சிறுநீரகம், வீடு திரும்பிய பின் மருந்தை விடாது உட்கொள்வது, புகைப்பதை நிறுத்துவது ஆகியனவும் கணக்கில் சேரும். வாயுத் தொல்லை என்று வீட்டில் சோடா குடித்துக் காத்திருந்த மணிநேரங்களும் இக்கணக்கில் அடங்கும் என்பதை நம் மக்கள் அறியவேண்டும்.

எனினும் இவ்வெண்கள் கூட்டத்தைப் பற்றியவை. கில்லிப்பின் நான்காம் படியில் நூற்றுக்கு 19 பேர் பிழைத்தனரே, அந்த 19 பேர் யார் யார் என்று முன்கூட்டிச் சொல்ல அவ்வட்டவணையால் இயலவில்லை. மதிப்பெண்ணைக் கேட்டு ஒருவரின் நாள்களை எண்ணத் தொடங்கும் குடும்பத்தாரிடம் மருத்துவர் இதனையும் சேர்த்தே சொல்வது நல்லது என்பது நம் கருத்து.

குருன்சிக் 1985 அக்டோபர் 27 அன்று, தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்து நொறுங்க, 46 ஆம் வயதில் மாண்டார். அவருடைய முதல் நோயாளியின் தமனியை மருத்துவர்கள் 1987 இல் சோதித்தபோது, அது திறந்தே இருந்தது. அச்சிகிச்சையின் 30 ஆம் ஆண்டு நினைவு 2007 இல் கொண்டாடப்பட்டபோதும் அவர் உயிருடன் இருந்தார்.